செட்டுக்குப் போட்ட மாலை

எங்கள் வீட்டில் சித்தப்பாவைப் பற்றிப் பேச்சு எடுத்தால் அம்மா கத்தரிக்கோலில்தான் தொடங்குவார். பூசையில் வைத்த கத்தரிக்கோலை எடுத்து, பூசையில் போட்ட மாலையை அறுத்தவர் என்பதுதான் அம்மாவின் கணக்கில் சித்தப்பாவின் அடையாளம். அதற்குச் சாட்சி நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. நேரில் பார்த்தவள் என்ற பெருமை வேறு. அதனால் கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் நானும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மலாயா விடுதலை பெற்று மெர்டேக்கா கொண்டாடி ஓராண்டு ஆகியிருந்தது. மலாக்கா ஊரில் காஜா பேராங் பகுதியில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா. அண்ணன் தம்பி இருவருக்கும் பிழைப்பு கடலில்தான், ஆனால் இரண்டு பேருக்குமே நீந்தத் தெரியாது. ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நீச்சல் எங்கிருந்து வரும் என்று அம்மா கேட்பார்.

மலாக்காவில் கரையோரக் கடல் ஆழமில்லாதது. கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரம் போட்டு நின்றுவிடும். சரக்கைத் தொங்காங்கு என்கிற அகலமான மரப்படகில் இறக்கி, அதை லாஞ்சு என்கிற இயந்திரப் படகு இழுத்துக்கொண்டு ஆற்றுமுகத்துக்கு வரும். அப்பா தொங்காங்கில் நின்று அரிசி மூட்டைகளைச் சரிபார்ப்பவர். சித்தப்பா துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்தார். கப்பல் வந்தால் ஏறிப் போய் விவரம் கேட்டு வருவது, படகுத்துறையில் நின்று படகுகளை வரிசைப்படுத்துவது போன்ற வேலைகள்.

அந்த ஆண்டுதான் ராணுவம் காட்டுக்குள் வைத்துப் புழங்கிக் கழித்துவிட்ட வாக்கி-டாக்கிகள் இரண்டு அலுவலகத்துக்கு வந்தன. ஒன்றை லாஞ்சில் வைத்தார்கள். இன்னொன்றைச் சித்தப்பாவின் கையில் கொடுத்தார்கள். இவை இரண்டும் பேசுவதைக் கேட்டுப் பதில் சொல்ல அலுவலகத்தில் ஒலிபெருக்கி வைத்த பெரிய செட் ஒன்று இருந்தது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே அலைவரிசை. அலுவலகத்தில் வைத்தால் ஆளாளுக்குத் தொட்டுக் கெடுத்துவிடுவார்கள் என்று சொல்லி, அலுவலகத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையிடம் அனுமதி வாங்கிச் சித்தப்பா தன் செட்டைத் தினமும் வீட்டுக்கே கொண்டுவந்தார்.

இரண்டு செங்கல்லை ஒன்றின் மேல் ஒன்று வைத்த அளவு, பச்சை நிறம். தலையில் ஒரு கம்பி. கம்பியை வெளியே இழுத்தால் செட் உயிர் பெற்று உஸ்ஸென்று இரையும். உள்ளே தள்ளினால் அடங்கிவிடும். பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு ஒரு கட்டை இருந்தது. பேசும்போது அதை அழுத்த வேண்டும், கேட்கும்போது விட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் இவ்வளவை வைத்துக்கொண்டு சித்தப்பா இரண்டு மாதம் எங்களைச் சோறு தின்ன விடவில்லை.

“முதல்ல காது, அப்புறம்தான் வாய். வேற யாரும் பேசலையான்னு கேட்டுக்கணும். கட்டையை அழுத்து, ஒண்ணு எண்ணு, பேசு, விடு. வாய்க்கு ரெண்டு விரக்கடை தள்ளிப் பிடி. கத்தாதே. எண்ணெய்ப் பீப்பாய்கிட்ட நின்னு அழுத்தாதே. வாரைக் கழுத்துல மாட்டாம படகுல ஏறாதே.” யாருக்கு இது தேவை என்று அவர் யோசித்ததில்லை. அம்மா ரசம் ஊற்றும்போது சொல்வார். அப்பா பீடி பற்ற வைக்கும்போது சொல்வார். இதையெல்லாம் துரையின் குரலில், துரை பைப்பைக் கடித்துக்கொண்டு பேசுவது போலவும் ஒருமுறை சொல்லிக் காட்டுவார். அம்மா சிரித்துவிடுவார். அந்தத் துரை சீக்கிரமே ஊருக்குப் போகப் போகிறார், அதன்பிறகு செட்டுகளுக்கெல்லாம் தானே பொறுப்பு என்று சித்தப்பா நம்பிக்கொண்டிருந்தார். துரையும் அப்படி ஏதோ சொல்லியிருந்தார் போலிருக்கிறது.

எனக்கு அந்த விதிகளெல்லாம் மனப்பாடம். பள்ளியில் வாய்ப்பாடு தடுக்கும், இது தடுக்காது. செட்டைத் தொட மட்டும் அனுமதி இல்லை. அந்தக் கோபம் எனக்கு நிறைய இருந்தது.

ஆயுத பூசை வந்தது. எங்களுக்குத்தான் அது பண்டிகை, ஊருக்கு அது வேலைநாள். அப்பா விடியும்போதே தொங்காங்குக்குப் போய்விட்டார். சித்தப்பாவுக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு வேலை. அம்மா கூடத்தில் பலகை போட்டு, தையல் மெஷினையும் கத்தரிக்கோலையும் அரிவாள்மணையையும் என் பாடப்புத்தகங்களையும் வைத்தார். சித்தப்பா பழைய சைக்கிளையும் துடைத்து உள்ளே கொண்டுவந்தார். பிறகு, செட்டை எடுத்து நடுவில் வைத்தார். பூசையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக் கூடாது என்பது அம்மாவின் கட்டுப்பாடு. பன்னிரண்டு மணிக்குச் செட் மட்டும் எழுந்து போகலாம் என்று பேசி முடித்தார்கள். கத்தரிக்கோலுக்கு அந்தச் சலுகை கிடையாது.

பொரியும் பழமும் போதவில்லை என்று சித்தப்பா பக்கத்து வீட்டுச் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு பசாருக்குக் கிளம்பினார். போகும்போது கம்பி உள்ளே இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்து விரலை ஆட்டிவிட்டுப் போனார்.

அம்மா பூசையைத் தொடங்கினார். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். எங்கள் வழக்கப்படி பொட்டு வைத்தபின் பொருளை ஒருமுறை ஓட்டிக் காட்ட வேண்டும். தையல் மெஷின் சக்கரத்தை அம்மா ஒரு சுற்று சுற்றினார். கத்தரிக்கோலை ஒருமுறை திறந்து மூடினார். நான் சைக்கிள் மணியை அடித்தேன். செட்டுக்குப் பொட்டு வைத்துவிட்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் அம்மா அடுத்ததற்குப் போய்விட்டார். பூசையில் வைத்த சாமான்களில் அது ஒன்று மட்டும் ஓடாமல் உட்கார்ந்திருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. அம்மா கற்பூரம் எடுக்க அடுக்களைக்குள் போன நேரத்தில் கம்பியைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டேன். உஸ்ஸென்று இரைந்தது. சாமி கும்பிட்டுக்கொண்டேன்.

அம்மா திரும்பி வந்து மாலைகளைப் போட்டார். செட்டுக்கு வந்தது சைக்கிளுக்கென்று கட்டிய சாமந்தி மாலை, நீளம் அதிகம். சரிந்து விழாமல் இருக்க மூன்று சுற்று இறுக்கிச் சுற்றி, வாழைநாரால் முடிச்சுப் போட்டார். முடிச்சு விழுந்ததும் இரைச்சல் நின்றுவிட்டது. அதுவரை அந்த இரைச்சலை அம்மா கவனித்தாரா என்று தெரியாது. நான் கவனித்தேன். சாமி ஏற்றுக்கொண்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

பூசை முடியும் நேரத்துக்கு, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் அடுத்த வீட்டு அம்மாள் வந்தார். அவர் மலாக்காச் செட்டி வம்சம். சாரோங்கும் கெபாயாவும் உடுத்தி, நெற்றி நிறைய விபூதி பூசியிருப்பார். சாமி விஷயத்தில் அம்மாவுக்கே திருத்தம் சொல்லக்கூடியவர், ஆனால் தமிழ் பேச வராது. அதனால் அவரோடு அம்மா மலாயில்தான் பேசுவார். மாலை போட்ட செட்டைப் பார்த்து இது என்ன சாமான் என்று அவர் கேட்டார். அம்மா செட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, விபூதித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். கொழுந்தனார் இல்லையென்றால் கப்பல்களுக்கெல்லாம் வழி தெரியாதாம். துரை தேநீர் குடிப்பதற்குக்கூட இவரைக் கேட்டுத்தான் குடிப்பாராம். துரை பைப்பைக் கடித்துக்கொண்டு எப்படிப் பேசுவார் என்று இவர் நடித்துக் காட்டுவதை நீங்கள் ஒருநாள் பார்க்க வேண்டும் என்றார். இறால் விலையும் பேசினார்கள். மக்சிக் பிரசாதம் வாங்கிக்கொண்டு போவதற்குள் மேற்கே வானம் கறுத்துவிட்டது.

சுமத்ரா பக்கத்திலிருந்து வருகிற அந்தக் காற்று மலாக்காவில் எல்லாருக்கும் தெரியும். அறிவிப்பில்லாமல் வரும், ஒரு மணி நேரம் ஆட்டிவைத்துவிட்டுப் போய்விடும். தகரக் கூரை அடித்துக்கொண்டது. அம்மா பின்கதவைச் சாத்திவிட்டு வந்து, “உங்கப்பா எங்க நிக்கிறாரோ” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் முகம் மாறியிருந்தது. என்னை விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒழுகுகிற இடங்களுக்கு வாளி வைக்கப் போனார்.

நான் செட்டின் முன்னால் உட்கார்ந்தேன். எனக்கும் பயமாக இருந்தது. அப்பாவின் தொங்காங்கை இழுக்கும் லாஞ்சிலும் இதேபோல் ஒரு செட் இருக்கிறது, ஆபத்து என்றால் அதில் கூப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். முதலில் காது என்று சித்தப்பா சொல்லியிருக்கிறாரே. காதைக் கிட்டே கொண்டுபோய் வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. அந்த உஸ்ஸென்ற இரைச்சல்கூட இல்லை. யாரும் கூப்பிடவில்லை, ஆகவே அப்பா நன்றாக இருக்கிறார் என்று தைரியம் வந்தது. தைரியத்தில், சாமிக்குச் சொல்வது போல் சித்தப்பாவின் விதிகளைச் சொல்ல ஆரம்பித்தேன். முதலில் காது, அப்புறம்தான் வாய். கட்டையை அழுத்து, ஒண்ணு எண்ணு, பேசு, விடு. பத்துத் தடவைக்கு மேல் சொல்லியிருப்பேன். இடையிடையே காதை வைத்துப் பார்ப்பேன். அமைதியாகவே இருந்தது.

அப்போது பசாரிலிருந்து திரும்பிய சித்தப்பா, மழைக்கு ஒதுங்கித் தன் அலுவலகத்துக்குள் போயிருக்கிறார். இதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஒலிபெருக்கியைச் சுற்றி எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்களாம், துரையும் நின்றாராம். ஒலிபெருக்கியில் ஒரு சின்னப்பெண்ணின் குரல் சித்தப்பாவின் விதிகளை ஒப்பித்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் வந்த பைப்புக் கதையையும் மலாய் தெரிந்த அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள். துரைக்கு மலாய் நன்றாகத் தெரியும்.

சித்தப்பா வந்த வேகத்தில் சைக்கிள் வாசலில் விழுந்தது. சொட்டச் சொட்ட நனைந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குள் நுழைந்தார். மாலையைப் பிடித்து இழுத்தார். வாழைநார் முடிச்சு இறுகிப் போயிருந்தது, வரவில்லை. பக்கத்தில் பொட்டு வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்தார்.

“தம்பி, பூசையில வச்சது” என்றார் அம்மா, வாளியும் கையுமாக.

அவர் அறுத்துவிட்டார். சாமந்தி கூடமெல்லாம் சிதறியது. மாலை கழன்ற அதே நொடியில் செட் கத்தியது. லாஞ்சு ஓட்டும் சிராங்கின் குரல், தெங்கேரா ஊர்க்காரர், வீட்டுக்கெல்லாம் வந்துபோகிறவர். மலாயில், தொண்டை கட்டிப்போய்க் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இழுவைக் கயிறு அறுந்துவிட்டது. அறுந்த கயிறு லாஞ்சின் அடியில் சுழலும் விசிறியில் சுற்றிக்கொண்டது. இயந்திரம் நின்றுவிட்டது. லாஞ்சும் தொங்காங்கும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு அடித்துப் போகின்றன. தொங்காங்கில் ஐந்து பேர். இன்னொரு லாஞ்சு அனுப்புங்கள்.

அம்மா வாளியைக் கீழே போட்டார். “பேசுங்க தம்பி, பதில் சொல்லுங்க. உங்க அண்ணன் அதுலதான் இருக்காரு.”

சித்தப்பா பேசவில்லை. செட்டை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். பக்கவாட்டுக் கட்டையில் ஒரு விரல்கூடப் படவில்லை.

“அங்க உசிருக்குக் கத்துறாங்க, நீங்க மரம் மாதிரி நிக்கிறீங்களே” என்று அம்மா அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“இப்ப நாம பேசக்கூடாது அண்ணி” என்றார் அவர். அவ்வளவு மெல்லிய குரலில் சித்தப்பா பேசி நான் கேட்டதில்லை. பிறகு அலுவலகத்திலிருந்து இன்னொரு குரல் சிராங்குக்குப் பதில் சொன்னது. இரண்டாவது லாஞ்சு கிளம்பிவிட்டது என்றது. சித்தப்பா தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் செட்டை விடவில்லை.

அப்பா பிழைத்துக்கொண்டார். தொங்காங்கு லாஞ்சின் மேல் மோதியபோது நடுவில் அவருடைய வலது கை மாட்டிக்கொண்டது. இரண்டாவது லாஞ்சு போய்ச் சேர்வதற்குச் சற்று முன்னால்தான் அது நடந்தது. ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கை அதன்பிறகு தோளுக்கு மேல் போகவில்லை. சட்டையை அம்மாதான் மாட்டிவிடுவார். தலையில் எண்ணெய் தேய்க்க இடது கையைப் பழக்கிக்கொண்டார்.

எங்களுக்கு நடந்தது வெட்டவெளிச்சமாக இருந்தது. மாலை இருந்தவரைக்கும் ஒரு கெட்ட சேதியும் வரவில்லை. மாலையை அறுத்தார், அந்த நொடியே சேதி வந்தது. “நான் காதை வச்சுக் கேட்டுக்கிட்டே இருந்தேன், அதுவரைக்கும் ஒண்ணுமே இல்லை” என்று நான் சத்தியம் செய்தேன். அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். போதாததற்கு, அண்ணன் சாகக் கிடக்கும்போது பதில் சொல்லாமல் நின்ற தம்பி. வந்து விசாரித்த எல்லாருக்கும் அம்மா இரண்டையும் சேர்த்தே சொன்னார். சித்தப்பா கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு சின்ன விஷயத்தை ஒன்பது தடவை விளக்குகிற மனிதர், இதற்கு ஒரு வார்த்தைகூட விளக்கம் சொல்லவில்லை.

ஒருநாள் சிராங்கு அப்பாவைப் பார்க்க வந்தார். வாசலில் அப்பாவும் சித்தப்பாவும் அவரும் தணிந்த குரலில் வெகுநேரம் பேசினார்கள். நான் தண்ணீர் கொண்டுபோனபோது பேச்சு நின்றது. அப்பா என்னைப் பார்த்தார். சித்தப்பா தலையை லேசாக அசைத்தார், வேண்டாம் என்பது போல. அன்றிலிருந்து அம்மா கத்தரிக்கோல் கதையைத் தொடங்கினால், “அதை விடு” என்று மட்டும் அப்பா சொல்வார். தம்பி பாசம் கண்ணை மறைக்கிறது என்பார் அம்மா.

செட்டைச் சித்தப்பாவிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். கம்பியை வெளியே விட்டுப் போனது தன் தவறுதான் என்று துரையிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். பொறுப்புப் பதவி வேறு ஒருவருக்குப் போயிற்று. அவரைக் கயிறும் வண்ணமும் அடுக்கிவைக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே ஓர் ஆண்டு இருந்துவிட்டு, வேலையை விட்டுச் சிங்கப்பூருக்குப் போய்விட்டார்.

எனக்குப் பதினொரு வயதானபோது தீபாவளிக்கு ஒருமுறை வந்தார். அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை, பலகாரத்தட்டை என்னிடம் கொடுத்தனுப்பினார். நான் அவர் எதிரில் உட்கார்ந்து நேராகவே கேட்டுவிட்டேன். “ஏன் சித்தப்பா அன்னைக்கு மாலையை அறுத்தீங்க? அறுக்காம இருந்திருந்தா அப்பா கைக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுல்ல?”

அவர் அடுக்களைப் பக்கம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். “அவசரத்துல அறுத்துட்டேன்மா” என்றார். முறுக்கை இரண்டாக உடைத்துப் பாதியை எனக்குக் கொடுத்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நான் உள்ளே ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

நான் ஆசிரியையாகிப் பல வருஷம் கழித்து, பள்ளிப் பிள்ளைகளைப் புலாவ் பெசார் தீவுக்குப் படகில் கூட்டிப்போனேன். பொறுப்பாசிரியை என்பதால் படகோட்டி என் கையில் ஒரு சின்ன ரேடியோவைக் கொடுத்து விளக்கினான். பட்டனை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். அழுத்திக்கொண்டே இருந்தால் நமக்கு ஒன்றும் கேட்காது, மற்றவர்கள் கூப்பிடுவதும் யாருக்கும் கேட்காது டீச்சர், அதில் மட்டும் கவனம் என்றான். யாராவது உதவிக்குக் கூப்பிட்டால் நாம் குறுக்கே பேசக்கூடாது என்றான். எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு அழுத்திப் பார்த்தேன். உஸ்ஸென்ற இரைச்சல் சட்டென்று நின்றது. அது எப்படி நிற்கும் என்று எனக்கு முன்பே தெரியும். ஒன்பது வயதில், அம்மா மாலையை இறுக்கி முடிச்சுப் போட்டபோது கேட்டிருக்கிறேன். தீவு வருகிறவரை பிள்ளைகளை வேறொரு ஆசிரியைதான் பார்த்துக்கொண்டார்.

சித்தப்பா அதற்கு முந்தைய ஆண்டுதான் சிங்கப்பூரில் தவறிப்போயிருந்தார்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது அம்மா என் மகளுக்குப் பாவாடை வெட்டிக்கொண்டிருந்தார், அதே கத்தரிக்கோலால். அப்பா பக்கத்தில் சாய்வு நாற்காலியில், வலது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் கத்தரிக்கோலைத் தொடப் போனாள். அம்மா அதை விலக்கிவைத்துவிட்டு, உங்க சின்னத் தாத்தா இதை வச்சு என்ன செஞ்சாரு தெரியுமா என்று ஆரம்பித்தார். முழுக்கச் சொல்லி முடித்து, “உங்கம்மாவையே கேளு, கூடவே இருந்து பார்த்தவ” என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். அம்மா துணியை வெட்டுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

“ஆமா, பார்த்தேன்” என்றேன்.

பொய் இல்லை. பார்த்தேன். மாலை இருந்தவரை செட் அமைதியாக இருந்தது, மாலையை அறுத்ததும் கத்தியது. ஒன்பது வயதில் நான் பார்த்தது அவ்வளவுதான்.